ரப்பர் கருகுற வாடைக்கு வாங்கின சாமான்கள்: டெம்பரேச்சர் கன், பெல்ட் கிட், கிரீஸ், அப்புறம் அந்த ஸ்ப்ரே

நேரமில்லாதவங்களுக்காக முடிவை முதல்லயே சொல்லிடறேன். கார்ல ரப்பர் கருகுற வாடை வந்தா முதல்ல வாங்க வேண்டியது ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாத்தையும் சுத்த வெக்கிற இன்ஜின் பெல்ட் இல்ல, தொடாமலே சூட்ட அளக்கிற இன்ஃப்ராரெட் டெம்பரேச்சர் கன். பெல்ட் மாத்தறதுன்னு முடிவாயிட்டா வெறும் பெல்ட்டா வாங்காதீங்க, ஐட்லர் (பெல்ட்ட வழி திருப்பி விடற சக்கரம்), டென்ஷனர் (பெல்ட்ட இழுத்துப் பிடிக்கிற சாமான்) எல்லாம் சேர்ந்த கிட்டா வாங்குங்க. பிரேக் பேட டிஸ்க் மேல அழுத்துற காலிப்பர் இருக்கே, அதோட பின்னுக்குன்னே ஒரு கிரீஸ் வருது, சின்ன ட்யூப்தான், கண்ண மூடிட்டு வாங்கலாம். பெல்ட் சத்தத்துக்கு அடிக்கிற ஸ்ப்ரேன்னு ஒண்ணு விக்கிறாங்க பாருங்க, அதை மட்டும் தொடாதீங்க. இனிமே விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஏன் கன் முதல்லன்னு கேட்டா, கருகுறது ரப்பரா இருக்கும், ஆனா வேலைய காட்டினது பெரும்பாலும் ரப்பர் இல்ல. எங்கியோ சுத்த வேண்டியது ஒண்ணு சுத்தாம நிக்குது, இல்லன்னா விட வேண்டியது விடாம பிடிச்சிட்டு இருக்குது, அது மேல தேய்ஞ்சு தேய்ஞ்சு பாவம் ரப்பர் கருகுது. அடி வாங்கினவன் மேலயே கேஸ் எழுதுற மாதிரி நாம நேரா போய் பெல்ட்ட மாத்தறோம், புது பெல்ட் கொஞ்ச நாள் சும்மா இருக்கும், அப்புறம் அதே வாடை, அப்ப "பெல்ட் டூப்ளிகேட்டுடா"ன்னு கடைக்காரன திட்டறோம். நான் படிச்ச, கேட்ட முக்காவாசி புலம்பல் இந்த ரகம்தான்.

என் காரு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. டிக்கில ஸ்டெப்னி பக்கத்துல பாதி காலியான பெல்ட் ஸ்ப்ரே டின் ஒண்ணு கிடந்துச்சு. பழைய கார் பாக்கப் போறவங்க இத மனசுல வெச்சுக்கோங்க, டிக்கில அந்த டின் இருந்துச்சுன்னா அந்த ஆளு சத்தத்த அமுக்கி அமுக்கி ஓட்டியிருக்கான்னு அர்த்தம், சர்வீஸ் புக்க விட அந்த டின் உண்மைய சொல்லும். வாங்கி கொஞ்ச நாள்லயே ஏசி போட்டு மெதுவா ஊர்ந்து போற ட்ராஃபிக்ல லேசா ரப்பர் கருகுற வாடை, வண்டிய நிறுத்தி இறங்கினா பானெட் முன்பக்கம் தூக்கலா. ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன், பேரு வேணாம், பானெட்ட தொறந்து டார்ச் அடிச்சு பாத்துட்டு ஏசி கம்ப்ரஸர் ஜாமாகப் போகுது சார், மொத்தமா மாத்திடலாம்னு எஸ்டிமேட் போட்டாங்க. ஒரு புல்லிய, அதான் பெல்ட் ஓடற சக்கரத்த, கையால தொட்டுக்கூட பாக்கல. சரி நாமளே பாத்துடுவோம்னுதான் இந்த ஷாப்பிங்.

கன்னுக்கு போறதுக்கு முன்னாடி மூக்கு பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா பாதி பேரு "ரப்பர் வாடை"ன்னு சொல்றது ரப்பரே இல்ல. கிளட்ச் கருகினா வர்றது வேற, தொண்டைய பிடிக்கிற காரமான நெடி, அது கிளட்ச் ப்ளேட்ல இருக்கிற ரெசின் வேகுற வாடை, மேட்டுல பாதி கிளட்ச்ச மிதிச்சே வண்டிய நிறுத்தி வெக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். சந்தேகமா இருந்தா காலி ரோட்டுல மேல் கியர்ல மெதுவா போயிட்டே ஆக்ஸிலேட்டர அழுத்துங்க, ஆர்பிஎம் மட்டும் ஏறி ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச் வழுக்குது, பெல்ட்ல ஒண்ணும் தேட வேண்டாம். இன்ஜின் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டினா எண்ணெய் தீயிற வாடையோட நீல சாயல்ல லேசா புகை வரும், பெரும்பாலும் டேப்பட் கவர் கேஸ்கெட்தான் (இன்ஜின் மேல் மூடியோட சீல்). கூலன்ட் லீக்னா ஒரு மாதிரி தித்திப்பான வாடை. அழுகுன முட்டை வாடைன்னா எக்ஸாஸ்ட் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கம் போங்க. ப்ளாஸ்டிக் எரியற மாதிரி மூக்க குத்துற நெடி, அதுவும் டேஷ்போர்டுக்கு உள்ள இருந்து வந்துச்சுன்னா வயரிங், அதுல விளையாடவே கூடாது, வண்டிய ஓரம் கட்டி ஆஃப் பண்ணி பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டுதான் மத்த பேச்சு. புது பிரேக் பேடு போட்ட புதுசுல வர்ற வாடையும், புது சைலன்ஸர் போட்டு முதல் ஓட்டத்துல வர்ற வாடையும் தானா போயிடும், பயப்பட வேண்டாம். இன்னொண்ணு, ரோட்டுல பறக்கிற ப்ளாஸ்டிக் கவர் எக்ஸாஸ்ட் பைப்புல ஒட்டிக்கிட்டு உருகும், அது அசல் ரப்பர் வாடை மாதிரியே இருக்கும், குனிஞ்சு பாத்தா தெரிஞ்சிடும், இதுக்குப் போய் ஆயிரத்தெட்டு பார்ட் மாத்தினவங்களும் இருப்பாங்க.

இப்ப கன். துப்பாக்கி மாதிரி இருக்கும், ட்ரிக்கர அழுத்தினா சிவப்பு லேசர் புள்ளி விழும், ஸ்க்ரீன்ல டிகிரி காட்டும். நான் வாங்கினது பாக்ஸ்ல 12:1னு போட்டது. அதுக்கு என்ன அர்த்தம்னு பாக்ஸ்ல சரியா சொல்ல மாட்டாங்க, ஆனா அது தெரியாம வாங்கினா கன் வேஸ்ட். 12 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து அடிச்சா 1 சென்டிமீட்டர் வட்டத்தோட சூட்ட காட்டும், 60 சென்டிமீட்டர் தள்ளி நின்னா 5 சென்டிமீட்டர் வட்டத்துல இருக்கிற எல்லாத்தோட சராசரிய காட்டும். லேசர் புள்ளி சும்மா குறி பாக்கத்தான், அது அளக்கிறது கிடையாது. நின்ன வாக்குல மேல இருந்து ஒரு புல்லிய அடிச்சா புல்லியும் அதுக்குப் பின்னாடி இருக்கிற இன்ஜின் ப்ளாக்கும் சேர்ந்து ஒரு நம்பர் வரும், அது எதுக்கும் ஆகாது. கிட்டப் போய் அடிக்கணும், கிட்டப் போகணும்னா இன்ஜின ஆஃப் பண்ணணும், ஓடற பெல்ட் பக்கத்துல கைய நீட்டுற வேலையே வேண்டாம். துப்பட்டா, டை, தொங்குற சட்டைக் கை, இதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

இன்னொரு சூட்சுமம். பளபளன்னு இருக்கிற மெட்டல்ல கன் பொய் சொல்லும். நல்லா பாலிஷ் ஆன பிரேக் டிஸ்க் கொதிச்சிட்டு இருக்கும், கன் சாதாரணமா ஒரு நம்பர் காட்டும், ஏன்னா பளபளப்பான மெட்டல் தன் சூட்ட அகச்சிவப்பு கதிரா ரொம்ப கம்மியாத்தான் வெளிய விடும், விலை கம்மியான கன் எல்லாம் 0.95ன்னு எமிஸிவிட்டி (ஒரு பரப்பு சூட்ட எவ்ளோ கதிரா வெளிய விடுதுங்கற கணக்கு) ஃபிக்ஸ் பண்ணியே வருது, அது மங்கலான கறுப்பு பரப்புக்கு செட் ஆகும், பளபளப்புக்கு ஆகாது. கறுப்பு இன்சுலேஷன் டேப்ப ஒட்டி அது மேல அடிங்கன்னு வீடியோல சொல்வாங்க, டிஸ்க் மேல அத ஒட்டினா டேப் உருகி இன்னொரு கருகல் வாடை தேட வேண்டி வரும். அதுக்கு பதிலா ரெண்டு பக்கத்துலயும் ஒரே இடத்த அடிச்சு ஒப்பிட்டு பாருங்க, நம்பர் தப்பா இருந்தாலும் ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருக்கும், வித்தியாசம் உண்மையா இருக்கும். எமிஸிவிட்டிய மாத்திக்கிற வசதி இருக்கிற கன் கொஞ்சம் கூட ஆகும், இந்த வேலைக்கு அது இல்லாமலே ஓட்டிடலாம்.

என் வண்டில நடந்தத சொல்றேன். நல்லா ஏசி போட்டு ஓட்டிட்டு வந்து, வாடை வந்ததும் ஆஃப் பண்ணி பானெட்ட தொறந்து டக்கு டக்குன்னு ஒவ்வொரு புல்லியா அடிச்சேன். லேட் பண்ணக்கூடாது, இன்ஜின் நின்ன பிறகு சூடு எல்லா பக்கமும் பரவி எல்லாம் ஒரே நம்பருக்கு வந்துடும். டென்ஷனர் புல்லி அறுபத்து சொச்சம், கம்ப்ரஸர் புல்லியும் அதுக்கு பக்கத்துலதான், ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கூட, அது கரண்ட் தயாரிக்கிற சாமான், சூடாத்தான் இருக்கும். ஐட்லர் புல்லி மட்டும் நூத்த தாண்டி நிக்குது. அதுவும் டென்ஷனர் புல்லியும் ஒரே மாதிரி கறுப்பு ப்ளாஸ்டிக், ஒரே பெல்ட், பக்கத்து பக்கத்துல இருக்கு, ஆக எமிஸிவிட்டி மேல பழி போட முடியாது. கம்ப்ரஸர மாத்தணும்னு சொன்னாங்களே, அந்த கம்ப்ரஸர் சிவனேன்னு இருக்கு.

அப்ப ஏசி போட்டா மட்டும் ஏன் வாடை தூக்கலா வருதுன்னு கேப்பீங்க. ஏசி போட்டதும் கம்ப்ரஸர சுத்த பெல்ட்டுக்கு லோடு ஏறுது, இழுவை கூடுது, அந்த இழுவை வழியில இருக்கிற எல்லா புல்லியோட பேரிங் மேலயும் அழுத்தும், ஏற்கனவே செத்துட்டு இருக்கிற பேரிங் அப்பதான் கத்தும். அதனால "ஏசி போட்டா வாடை வருது, ஆகவே கம்ப்ரஸர்"ங்கறது அரைகுறை கணக்கு. கம்ப்ரஸர சந்தேகப்பட்டா அதுக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் இருக்கு. கிளட்ச் வெச்ச கம்ப்ரஸர்ல வெளி புல்லி எப்பவும் சுத்திட்டே இருக்கும், நடுவுல இருக்கிற ப்ளேட்டு ஏசி போட்டா மட்டும் ஒட்டிக்கிட்டு சுத்தும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அந்த நடு ப்ளேட்ட கையால திருப்புங்க, கொஞ்சம் இறுக்கமா ஆனா தொடர்ச்சியா திரும்பினா உள்ள நல்லா இருக்கு, அசையவே இல்லன்னா உள்ள ஜாம். ஏசி ஆஃப்லயும் வாடை வந்தா அந்த புல்லியோட பேரிங்கயும் பாருங்க. ப்ளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு அக்கம் பக்கம்தான் இருக்கணும், தேய்ஞ்சு அது பெருசாயிட்டா காந்தம் சரியா இழுக்காம ப்ளேட்டு வழுக்கும், அதுவும் கருகுற வாடைதான், அதுக்கு உள்ள இருக்கிற சின்ன வாஷர் ஒண்ண எடுத்தாலே பல நேரம் முடிஞ்சிடும், கம்ப்ரஸர் மாத்த வேண்டியதில்ல. கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸரும் இப்ப நிறைய வருது, அதுல இந்த டெஸ்ட் ஆகாது.

கன் ஐட்லர காட்டினாலும் நான் பெல்ட்ட கழட்டி கையால சுத்தி பாத்துட்டுதான் நம்பினேன். இது ஓசி டெஸ்ட், ஆனா இதுக்கு மிஞ்சின டெஸ்ட் கிடையாது. கழட்டறதுக்கு முன்னாடி பெல்ட் எப்படி சுத்தி போகுதுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, சில வண்டில பானெட்டுக்கு கீழ ஸ்டிக்கர் இருக்கும், சிலதுல இருக்காது. டென்ஷனர்ல ஒரு சதுர ஓட்டையோ போல்ட் தலையோ இருக்கும், நீள கம்பி போட்டு அத திருப்பினா பெல்ட் தளரும், திரும்ப விடும்போது பட்டுன்னு விடாதீங்க, மெதுவா. அப்புறம் ஒவ்வொரு புல்லியா விரலால தட்டி சுத்தி விடுங்க. நல்ல பேரிங் உள்ள கிரீஸ் இருக்கிறதால கொஞ்சம் சோம்பேறித்தனமா சுத்தி, சத்தமில்லாம நின்னுடும். இங்கதான் ஜனங்க ஏமாறாங்க, "பாரு எவ்ளோ ஃப்ரீயா சுத்துது, சூப்பரா இருக்கு"ன்னு. ரொம்ப நேரம் ஃப்ரீயா சுத்துச்சுன்னா உள்ள கிரீஸே இல்லன்னு அர்த்தம். என்னோட ஐட்லர் தட்டினதும் சர்ர்ர்னு பொடி மணல் அரைபடற மாதிரி ஒரு சத்தத்தோட பாட்டுக்கு சுத்திட்டே இருந்துச்சு, ஓரத்த பிடிச்சு ஆட்டினா லேசா ஆட்டம், பேரிங்க சுத்தி இருந்த ப்ளாஸ்டிக் பழுப்பேறி போயிருந்துச்சு. மூக்க கிட்ட கொண்டு போனா வேற சந்தேகமே இல்ல, அந்த வாடை இதுதான். சூடான பேரிங் ப்ளாஸ்டிக்கையும் பெல்ட் முதுகையும் ஒண்ணா வாட்டியிருக்கு.

இனி பெல்ட் கிட். பெல்ட் மேலயே 6பிகே1750 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், 6ங்கறது வரி எண்ணிக்கை, பிகேங்கறது வரியோட வடிவம், 1750 நீளம் மில்லிமீட்டர்ல. பழசுல இருக்கிற நம்பர அப்படியே பாத்து வாங்குங்க, அஞ்சு பத்து மில்லிமீட்டர் முன்ன பின்ன இருந்தா பரவால்லன்னு கடைல சொல்லுவாங்க, டென்ஷனர் இருக்கிற வண்டில அது ஓடத்தான் செய்யும், ஆனா டென்ஷனர் கை அதோட சரியான இடத்துல நிக்காது, எதுக்கு அந்த வம்பு. சில வண்டில டென்ஷனரே இல்லாம எலாஸ்டிக் மாதிரி இழுத்து மாட்டுற பெல்ட் வரும், அதுல சாதா பெல்ட்ட போடவே கூடாது, மாட்டறதுக்கும் தனி டூல் வேணும்.

பெல்ட் நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க எல்லாரும் வெடிப்பு எண்ணுவாங்க. அது பழைய நியோப்ரீன் காலத்து பழக்கம். இப்ப வர்ற பெல்ட் எல்லாம் இபிடிஎம் ரப்பர், அது லேசுல வெடிக்காது, டயர் பட்டன் தேயற மாதிரி வரி பள்ளம் தேய்ஞ்சு அகலமாகும், பெல்ட் புல்லிக்குள்ள ஆழமா இறங்கி உக்காரும், அப்புறம் பிடிப்பு போய் வழுக்கும். கண்ணுக்கு புதுசு மாதிரி கறுப்பா இருக்கும், வெடிப்பே இருக்காது, ஆனா ஆயுசு முடிஞ்சிருக்கும். இதுக்குன்னே பள்ளத்துல வெச்சு பாக்கிற சின்ன ப்ளாஸ்டிக் அளவுகோல் இருக்கு, பெல்ட் கம்பெனிங்களே தர்றாங்க, என் கிட்டுல அது வரல, அதுக்கு ஒரு மார்க் கம்மி. பொதுவா ஒரு லட்சம் கிலோமீட்டர்ல இருந்து ஒன்றரை லட்சம் வரைக்கும் ஓடும்னு சொல்லுவாங்க, ஆனா அது எல்லா புல்லியும் ஒழுங்கா இருந்தாத்தான், என்னோடது மாதிரி ஐட்லர் செத்திருந்தா அந்த கணக்கெல்லாம் கிடையாது.

கிட்டுல வந்த டென்ஷனர் கனமா நல்லா இருந்துச்சு. ஐட்லர் ப்ளாஸ்டிக்தான், ஒரிஜினலும் ப்ளாஸ்டிக்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. மெட்டல் ஐட்லரா இருந்தா பல வண்டில உள்ள 6203 பேரிங்தான் இருக்கும், பேரிங் கடைலயே கிடைக்கும், பழச தட்டி எடுத்துட்டு புதுச ப்ரெஸ் பண்ணிக்கலாம், ப்ளாஸ்டிக்ல பேரிங்க சுத்தியே வார்த்திருப்பாங்க, முழுசாத்தான் மாத்தணும். மாட்டும்போது முக்கியமான விஷயம், பெல்ட் வரி எல்லா புல்லியோட பள்ளத்துலயும் சரியா உக்காந்திருக்கான்னு விரல் வெச்சு தடவி பாருங்க, ஒரு புல்லில ஒரு வரி தள்ளி உக்காந்தாலும் போச்சு, ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே ஓரம் நார் நாரா கிழிஞ்சிடும், புது பெல்ட்ட "குவாலிட்டி மோசம்"னு ஒரு ஸ்டார் போட்டு திட்டியிருக்கிற ரிவ்யூ எல்லாம் எடுத்து போட்டோவ பாருங்க, பாதி இந்த கேஸ்தான், ஓரம் மட்டும் ஒரே சீரா கிழிஞ்சிருக்கும். ஸ்டார்ட் பண்ணினதும் டென்ஷனர் கைய பாருங்க, லேசா துடிக்கும், அது சரி. டங்கு டங்குன்னு குதிச்சா டென்ஷனர்ல அதிர்வ அடக்குற டேம்பர் போச்சு, இல்லன்னா ஆல்டர்னேட்டர் புல்லிக்குள்ள இருக்கிற ஒன்வே கிளட்ச் இறுகிடுச்சு, அந்த புல்லி எல்லா வண்டிலயும் இருக்காது.

சத்தம் மட்டும் வருது, வாடை கொஞ்சமா வருதுங்கறவங்களுக்கு ஒரு தண்ணி டெஸ்ட். ஐட்லிங்ல ஓடும்போது ஸ்ப்ரே பாட்டில்ல தள்ளி நின்னு பெல்ட் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணி அடிங்க. சத்தம் ஒரு நிமிஷம் அடங்கி திரும்ப வந்தா புல்லிங்க ஒரே நேர்ல இல்ல. தண்ணி பட்டதும் சத்தம் இன்னும் ஏறினா டென்ஷன் பத்தல, வழுக்குது. காசு செலவில்லாம இவ்ளோ தெளிவா பதில் சொல்ற டெஸ்ட் கார்ல வேற எதுவும் இருக்கான்னு தெரியல.

இதுக்கு பதிலா அந்த ஸ்ப்ரேவ அடிச்சா என்னாகும்? அடிச்சதும் சத்தம் நின்னுடும், அதுதான் அதோட ஆபத்தே. அது ஒரு பிசுபிசுப்பு, பெல்ட்ட புல்லியோட ஒட்ட வெக்கும், அப்புறம் ரோட்டு தூசி எல்லாம் அதுல வந்து உக்காந்து வரிக்குள்ள கெட்டியா அப்பிக்கும், பெல்ட் இன்னும் சூடாகும். பெல்ட் செய்யற கம்பெனிங்களே இத அடிக்காதீங்கன்னுதான் சொல்றாங்க. என் வண்டில பழைய பெல்ட்ட கழட்டினப்ப வரிக்குள்ள நகத்தால சுரண்டினா தார் மாதிரி உருண்டு உருண்டு வந்துச்சு, புல்லி பள்ளத்துலயும் அதே, பிரேக் க்ளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் வெச்சு ஒவ்வொரு பள்ளமா தேய்ச்சு எடுக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு. பூஜ்யம் மார்க். டின்ன கொடுத்தவருக்கும் சேத்து.

பெல்ட்ல ஆயில் பட்டு வழுக்கினாலும் இதே கதைதான். இபிடிஎம் சூட்ட தாங்கும், வெயில தாங்கும், ஆனா பெட்ரோலிய எண்ணெய் ஆகவே ஆகாது, ஊறி உப்பி மெத்துன்னு ஆயிடும். ஆயில் எங்க இருந்து சொட்டுதுன்னு பாத்து அத நிறுத்தாம புது பெல்ட் போடறது காச தண்ணில போடறதுதான்.

இதே இபிடிஎம் சமாசாரம்தான் என்னைய கிரீஸ் பக்கம் கொண்டு போச்சு. மச்சான் கார்லயும் கருகுற வாடை. கன்ன எடுத்துட்டு வாங்கன்னு கூப்பிட்டான். பானெட்டுக்குள்ள எல்லாம் நார்மல். சரின்னு நாலு வீலையும் அடிச்சோம். பின்னாடி ரெண்டும் கம்மி, அது இயல்பு, பிரேக் வேலைல பெரும்பங்கு முன் வீல்தான் பாக்குது. முன்னாடி வலது பக்கம் எண்பது சொச்சம், இடது பக்கம் இருநூற நெருங்குது. வீல் ரிம்லயும் இடது பக்கம் மட்டும் கறுப்பு பொடி அப்பிக் கிடக்கு. "வண்டி இடது பக்கமா இழுக்குது மாமா, அலைன்மென்ட்னு நெனச்சேன்"னான்.

இது லேசா எடுத்துக்கற விஷயமில்ல. பிரேக் ஆயில் டாட் 3ன்னா புதுசா இருக்கும்போது 205 டிகிரி, டாட் 4ன்னா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்கறது குறைஞ்சபட்ச ஸ்டாண்டர்டு, ஈரம் இழுத்து பழசானா அது 140, 155ன்னு இறங்கிடும். காலிப்பருக்குள்ள ஆயில் கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடல் நேரா தரைக்கு போகும், மிதிச்சாலும் வண்டி நிக்காது. வாடை வர்ற வீல் தொடமுடியாத சூடா இருந்தா அன்னைக்கு அந்த வண்டிய ஓட்டாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க, டிஸ்க் கோணிக்கும்.

எது பிடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்க, ஆறினதுக்கு அப்புறம் வீல ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, கையால சுத்துங்க. இறுகி இருந்தா காலிப்பர் ப்ளீடர் நிப்பிள (பிரேக் ஆயில வெளிய விடற சின்ன ஸ்க்ரூ) ஒரு சுத்து தளர்த்துங்க. ஆயில் பீய்ச்சி வீல் உடனே ஃப்ரீ ஆச்சுன்னா ப்ரெஷர் திரும்பி போக முடியாம உள்ளயே மாட்டிக்கிச்சு, பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கமா வீங்கி அடைச்சிருக்கும், இல்ல மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாக்கணும். தளர்த்தின பிறகும் இறுக்கமாவே இருந்தா காலிப்பர்ல பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ ஜாம். பின்னாடி வீல்னா ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாத்துக்கோங்க. மச்சான் வண்டில ரெண்டாவது ரகம். ரெண்டு பின்ல கீழ் பின் வரவே மாட்டேங்குது, முறுக்கி முறுக்கி எடுத்தா அதோட ரப்பர் பூட் (பின்ன மூடற உறை) உப்பி, சுருக்கம் விழுந்து, ஒரு மாதிரி கொழகொழன்னு இருக்கு. கடைசியா பேடு மாத்தின யாரோ கைல கிடைச்ச சாதா கிரீஸ அள்ளி அப்பியிருக்காங்க. சாதா கிரீஸ் பெட்ரோலிய எண்ணெய்ல செய்யறது, பின் பூட்டும் பெரும்பாலும் இபிடிஎம். உப்பின ரப்பர் பின்ன இறுக்கிப் பிடிச்சிக்கிச்சு, பேடு டிஸ்க்க விடவே இல்ல.

அதனாலதான் அந்த சின்ன ட்யூப் கிரீஸுக்கு ஃபுல் மார்க். சிலிகான் இல்லன்னா சிந்தடிக், பிரேக் ரப்பருக்கு ஆகும்னு ட்யூப் மேலயே எழுதியிருக்கும். மெல்லிசா பூசினா போதும், பொத பொதன்னு அப்பினா பின் உள்ள போய் காத்து அடைச்சுக்கிட்டு வெளிய தள்ளும். பூட் கிட் புதுசா போட்டோம், பின்ன நல்லா துடைச்சு துரு எடுத்து பூசி மாட்டினோம், ஓட்டிட்டு வந்து அடிச்சா ரெண்டு பக்கமும் பத்து டிகிரி வித்தியாசத்துக்குள்ள. இழுக்கறதும் நின்னு போச்சு, அலைன்மென்ட் காசு மிச்சம். டிஸ்க் மேல கைரேகையோ கிரீஸோ பட்டா பிரேக் க்ளீனர்ல துடைக்காம பேட மாட்டாதீங்க.

கன் எதுக்கு உதவாதுன்னும் சொல்லணும்ல. டயர் வீல் ஆர்ச் லைனர்ல உரசற கேஸ்ல நீங்க இறங்கி அடிக்கறதுக்குள்ள சூடு போயிடும், அதுக்கு கண்ணுதான், ஸ்டியரிங்க ஒரு பக்கமா முழுசா திருப்பி வெச்சு டயர் தோள்ல பளபளன்னு தேய்ச்ச கோடு இருக்கா, லைனர் ஸ்க்ரூ கழண்டு தொங்குதான்னு பாருங்க, பெரிய சைஸ் டயர் மாத்தினவங்களுக்கு ஆள் ஏறினா, திரும்பினா மட்டும் வாடை வரும். ஆக்ஸில் பூட் கிழிஞ்சு கிரீஸ் எக்ஸாஸ்ட் மேல தெறிக்கிறதையும் கன் சொல்லாது, எக்ஸாஸ்ட் எப்படியும் சூடாத்தானே இருக்கும். டேஷ்போர்டுக்குள்ள வயர் கருகினாலும் கன் ப்ளாஸ்டிக்க தாண்டி பாக்காது, வெளிப்பரப்ப மட்டும்தான் காட்டும்.

புகையே வர ஆரம்பிச்சா கன்னும் வேணாம் ஒண்ணும் வேணாம். நிறுத்தி, ஆஃப் பண்ணி, எல்லாரும் இறங்கி தள்ளிப் போங்க, பானெட்டுக்குள்ள தீ தெரியுதுன்னா பானெட்ட தொறக்காதீங்க, காத்து பட்டா குப்புன்னு பிடிக்கும். ஓடும்போது பெல்ட் அறுந்தா பேட்டரி லைட் எரியும், ஹைட்ராலிக் ஸ்டியரிங்னா கல்லாட்டம் ஆகும், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்ல ஓடற வண்டின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறிடும், பக்கத்துல மெக்கானிக் இருக்கார்னு ஓட்டிட்டு போனா ஹெட் கேஸ்கெட் செலவும் சேர்ந்துக்கும்.

மார்க்குன்னு பாத்தா, கன் அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் எதுக்கு போச்சுன்னா வெயில்ல ஸ்க்ரீன் சரியா தெரியல, ட்ரிக்கர விட்டதும் சில வினாடில நம்பர் மறைஞ்சிடுது, கைல எழுதிக்கிறதுக்குள்ள போயிடும், பக்கத்துல ஒரு ஆள் நின்னு நம்பர எழுதிட்டே வந்தா வேலை சுலபம். பெல்ட் கிட் நாலு. கிரீஸ் அஞ்சு. கன்ன வேலை முடிஞ்சதும் பேட்டரிய கழட்டி வெச்சுடுங்க, டூல் பாக்ஸ்ல எதாவது ட்ரிக்கர்ல அழுந்தி காலியாயிடுது.